அர்லிஸ் உட்கார்ந்த இடம்

எங்கள் ஊரில் கோபம் வந்தால் சத்தம் போடுகிறவர்கள் குறைவு. மின்னசோட்டா மாநிலத்தின் இந்தத் தென்மேற்கு மூலையில் ஆத்திரம் வந்தவர்கள் வெளியே போய் பனியை வாரித் தள்ளுவார்கள், இல்லாவிட்டால் கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவுவார்கள். அர்லிஸ் ராஸ்முசனும் அந்த ரகம்தான். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஐந்தடி ஒரு அங்குலம் உயரம். பேருந்தில் பிள்ளைகள் எல்லை மீறினால் அவள் குரல் உயராது, தாழும். அது தாழ்ந்ததும் அறுபது பிள்ளைகளும் கப்சிப் ஆகிவிடுவார்கள்.

அவளும் நானும் பள்ளியில் ஒரே வகுப்பு. என் பெயர் கர்ட். நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் மோட்டார் சைக்கிள் கடையில் உதிரிப் பொருள் கவுண்டரில் நிற்கிறேன். வண்டி வாங்கினவர்கள் அதில் மேற்கொண்டு எதையெல்லாம் மாட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார்களோ, அதையெல்லாம் கேட்டலாக்கைப் புரட்டி வரவழைத்துக் கொடுப்பது என் வேலை. யார் வண்டியில் என்ன இருக்கிறது என்று அவரவர் மனைவியைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இந்தக் கதையில் என் தலை குனிவதற்கும் அதுதான் காரணம்.

அர்லிஸின் கணவன் வெர்லின், தானியக் கிடங்கில் மேலாளர். கெட்டவன் என்று சொல்ல முடியாது. தெருவில் பாதி வீட்டு வாசலுக்கு அவன்தான் பனி வாருவான். ஆனால் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நெடும்பயணத்துக்கான அந்தப் பெரிய டூரிங் பைக்கை வாங்கியதும் அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. முதல் வருடமே காற்றை மறைக்க உயரமான கண்ணாடித் தடுப்பு. பிறகு கை குளிராமல் இருக்கச் சூடேறும் கைப்பிடிகள், காலை நீட்டி வைத்துக்கொள்ள முன்பக்கக் கால்மிதிகள், நான்கு ஸ்பீக்கர், காபிக் கோப்பை வைக்க ஒரு வளையம், எஞ்சினுக்குக் கீழே நீல விளக்கு. குரோம் பூச்சு மின்னும் சாமான்களோ கணக்கில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் கவுண்டரில் முழங்கையை ஊன்றி, ஜவுளிக்கடையில் புடவை பார்ப்பதுபோல் பார்ப்பான்.

பின் சீட்டில் உட்கார்ந்தவள் அர்லிஸ். பதினோரு கோடைகள், பதினான்கு மாநிலங்கள். வழி பார்ப்பது அவள், சுங்கச்சாவடியில் கையுறையைக் கழற்றிச் சில்லறை எடுப்பது அவள், ஓடுகிற வண்டியிலிருந்தே அவனுக்குக் கழுத்துப் பிடித்துவிடுவதும் அவள். அவள் சீட்டுக்கு முதுகுத் தாங்கி கிடையாது. எழுபது மைல் தாண்டினால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். ஒரு முதுகுத் தாங்கி மாட்டித் தரச் சொல்லி முதல் வருடத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். அது வண்டியின் அழகைக் கெடுக்கும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்பான். ஒருமுறை அவளே ஓர் ஆட்டுத்தோலை வாங்கிக் கயிறு போட்டுச் சீட்டில் கட்டினாள். எங்கே வண்டியைப் படம் எடுத்தாலும் அவன் முதலில் அதை அவிழ்த்து வண்டியின் பின் பெட்டிக்குள் திணித்துவிடுவான். வயோமிங்கில் எடுத்த ஒரு படத்தில் அவளையும் ஓரமாக நகரச் சொல்லியிருக்கிறான். அந்தப் படத்தைச் சிரித்துக்கொண்டே எனக்குக் காட்டினான். நானும் சிரித்தேன்.

போன வருடம் மார்ச் மாதம் வெர்லின் வந்து ஓர் ஆர்டர் கொடுத்தான். ஆகஸ்டில் பிளாக் ஹில்ஸ் மலைப்பக்கம் நடக்கும் பைக் திருவிழாவில் அழகுப் போட்டி ஒன்று. அதில் கலந்துகொள்ள வேண்டுமாம். பின் பெட்டியைக் கழற்றிவிட்டு, பின் மட்கார்டை வெட்டி நீளமான புதியது பொருத்தி, அதில் தீப்பிழம்புபோல் வண்ணம் அடித்து, ஓட்டுகிறவனுக்கு மட்டும் தாழ்வான ஒற்றை சீட் போட வேண்டும்.

"அப்போ அர்லிஸ் எங்கடா உக்காருவா?" என்று கேட்டேன்.

"அவ பிக்கப் வண்டியை ஓட்டிக்கிட்டுப் பின்னாடி வரட்டும். டென்ட்டு, ஐஸ் பெட்டி எல்லாம் யாரு கொண்டாறது? பெட்டியைத்தான் கழட்டப் போறோமே" என்றான்.

அவளிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றான். நான் ஆர்டரை எழுதிக்கொண்டேன். அடுத்தடுத்து எத்தனையோ ஞாயிறுகள் சர்ச் கூடத்தில் அர்லிஸுக்குப் பக்கத்தில் நின்று காபி குடித்தேன், அவள் ருபார்ப் தண்டில் செய்த இனிப்பைத் தின்றேன், வாய் திறக்கவில்லை.

மே மாதம் இரண்டாவது வாரம், காலைச் சவாரி முடித்து, பேருந்தை வெளியே நிறுத்திவிட்டு அர்லிஸ் கடைக்குள் வந்தாள். சர்ச்சில் கொடுக்கும் தாளின் பின்பக்கத்தில் பொருள் எண்ணை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முதுகுத் தாங்கியின் எண். இனி அவனைக் கேட்டுப் பயனில்லை என்றும், தன் சம்பளத்திலேயே வாங்கிக்கொள்ளப் போவதாகவும், ஆகஸ்ட் பயணத்துக்குள் வந்துவிட்டால் போதும் என்றும் சொன்னாள். பதினோரு வருடம் காத்திருந்தவளின் முகத்தில் சின்னப் பிள்ளையின் குறும்பு இருந்தது.

மென்று விழுங்கித்தான் சொன்னேன். அந்த வண்டியில் அதை மாட்ட இடமில்லை, பின் சீட்டே இனி கிடையாது, மட்கார்டை வெட்டியாகிவிட்டது, வண்டி இப்போது வண்ணம் அடிக்கிற இடத்தில் இருக்கிறது என்றேன். சர்வீஸுக்கு விட்டிருப்பதாகத்தான் வெர்லின் அவளிடம் சொல்லியிருந்தான்.

அவள் அந்தத் தாளை நான்காக மடித்தாள். குரல் தாழ்ந்தது.

"எப்ப ஆர்டர் குடுத்தான்?"

"மார்ச் முதல் வாரம்."

"அந்த வாரம்தான் ரெண்டு பேரும் அடுப்படி மேசையில மேப்பை விரிச்சு வெச்சுக்கிட்டு, எந்த ஊர்ல எந்த மோட்டல்ல தங்குறதுன்னு பாத்தோம். எந்த ரோட்ல போனா எனக்கு இடுப்பு குலுங்காதுன்னு அவனே கோடு போட்டான்." மடித்த தாளைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "உனக்கு ரெண்டு மாசமாத் தெரியும். நான் குடுத்ததைத் தின்னுக்கிட்டே நின்னிருக்க."

அவள் வெளியே போய்ப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தாள். அதன் கதவு மூடிய சத்தம் கடைக்குள் கேட்டது.

வீட்டில் நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள். போட்டி முடிந்ததும் பழைய சீட்டை மாட்டிவிடுவதாக வெர்லின் சமாதானம் சொல்லியிருக்கிறான். வெட்டின மட்கார்டில் எப்படி மாட்டுவாய் என்று கேட்டாள். பழைய சீட்டைக் காட்டச் சொன்னாள். அதை ஏப்ரலிலேயே விற்றுவிட்டிருந்தான். ஒரு வார்த்தை தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்றதற்கு அவன் சொன்ன பதில்தான் அவளை அடியோடு எரித்தது: "நீதான் எப்பப் பாத்தாலும் இடுப்பு வலிக்குதுன்னு புலம்புறியே. உனக்கு நிம்மதியா இருக்கும்னுதான் செஞ்சேன்."

பள்ளி விடுமுறை விட்ட மறுவாரம் அர்லிஸ் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பயிற்சியில் சேர்ந்தாள். பக்கத்து ஊர்க் கல்லூரியின் வாகன நிறுத்துமிடத்தில் மூன்று நாள் வகுப்பு. பாதி வயதுகூட இல்லாத பிள்ளைகளுக்கு நடுவே நின்றாள். முதல் நாள் ஒருமுறை வண்டியோடு சாய்ந்தாள், மூன்றாம் நாள் தேறினாள். பனிப்பாறையாய் உறைந்த சாலையில் பேருந்தை வளைத்துத் திருப்புகிறவளுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று ஊரில் யாரும் யோசிக்கவில்லை. பெட்ரோல் பங்கை ஒட்டிய கடையின் காபி மேசையில் வெர்லின் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தான்: ஆறு வாரம் தாங்காது, கீழே போட்ட வண்டியைத் தூக்கிவிடத் தான்தான் ஓட வேண்டியிருக்கும். மேசை முழுவதும் சிரித்தது. பால் வாங்க வந்த அர்லிஸ் அலமாரிக்குப் பின்னால் நின்று அத்தனையும் கேட்டுவிட்டாள்.

அடுத்த மாவட்டத்தில் ஒருவர் விற்ற பழைய டூரிங் பைக்கை ஜூன் கடைசியில் வாங்கி நேரே எங்கள் கடைக்கு ஓட்டி வந்தாள். நிறுத்தும்போது சரளையில் கால் வழுக்கியது. எண்ணூறு பவுண்டு எடையுள்ள வண்டி மெதுவாகச் சாய்ந்து படுத்தது. வெர்லினும் அவன் கூட்டாளிகள் நாலைந்து பேரும் அப்போது கடை வாசலில்தான் நின்றிருந்தார்கள். அவன் இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"தொடாத," என்றாள்.

"அட, இடுப்பு போயிடும் அர்லிஸ், நகரு."

"என் வண்டியத் தொடாதேன்னு சொன்னேன்."

அவன் நின்றுவிட்டான். அவள் வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை சீட்டுக்கு அடியிலிருந்த கம்பியில். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி இடுப்பைச் சீட்டில் அழுத்தி, காலால் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி உந்தினாள். முகம் ரத்தச் சிவப்பானது. பாதியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். யாரும் சிரிக்கவில்லை. வண்டி நிமிர்ந்ததும் ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து என் கவுண்டரில் ஒரு தாளை வைத்தாள்.

இத்தனை வருடத்தில் நான் பார்த்த பட்டியல்களில் குரோம் என்ற சொல்லே இல்லாத பட்டியல் அது ஒன்றுதான். இரண்டு காலும் தரையில் முழுசாகப் பதியும்படி சீட்டின் முன்பக்கம் ஒடுங்க வேண்டும். ஹேண்டில்பார் அவள் பக்கமாக இரண்டு அங்குலம் வர வேண்டும். கிளட்ச் பிடி அவள் விரலுக்கு எட்ட வேண்டும். கண்ணாடித் தடுப்பின் விளிம்பு நேரே கண்ணை மறைப்பதால் குட்டையானது வேண்டும். பின் சக்கரத்தைத் தாங்கும் அதிர்வுத் தாங்கியை ஒரு அங்குலம் தாழ்த்த வேண்டும். ஓட்டுகிறவளுக்கு ஒரு முதுகுத் தாங்கி. பின்னால் உட்காருகிறவருக்கு என்று எதுவும் எழுதவில்லை.

சீட்டின் நுரையை நானே செதுக்கினேன். அவள் உட்கார்ந்து பார்த்து, இறங்கி, இன்னும் கொஞ்சம் என்பாள். மறுபடி செதுக்குவேன். நாலு நாள் இப்படிப் போனது. மன்னித்துக்கொள் என்று ஒருமுறை சொன்னேன். "இடது பக்கம் இன்னும் உறுத்துது" என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்டு வந்தது. பிக்கப்பை ஓட்ட அர்லிஸ் மறுத்துவிட்டாள். மோட்டல் அறைகள் அவள் பெயரில் இருந்தன. ஒன்று விடாமல் ரத்துசெய்தாள். பெட்டியில்லாத வண்டியில் ஒரு மாற்றுச் சட்டைகூட வைக்க முடியாது. கடைசியில் வெர்லின் தன் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கட்டி, பிக்கப்பில் அவனே இழுத்துக்கொண்டு நானூறு மைல் போனான். போட்டியில் மூன்றாம் பரிசு கிடைத்தது. ஓட்டாமல் இழுத்து வந்த வண்டி என்று அங்கே அவனைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். அதற்காக எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

அர்லிஸ் மேற்கே அந்தத் திருவிழாவுக்குப் போகவில்லை. வடகிழக்கே கிளம்பி, சுப்பீரியர் ஏரியைச் சுற்றிக் கனடாவுக்குள் புகுந்து வந்தாள். ஒன்பது நாள், தனியாக. இரண்டாம் நாள் டுலூத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அன்று முழுவதும் என்ன நினைத்துக்கொண்டு ஓட்டினாய் என்று பிற்பாடு கேட்டேன்.

"ஒண்ணும் நினைக்கல. இருநூறு மைலும் அவனைத் திட்டிக்கிட்டே போனேன். வாய்விட்டுத்தான். ஹெல்மெட்டுக்குள்ள யாருக்குக் கேக்கப் போவுது? கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒண்ணொண்ணா எடுத்துத் திட்டினேன். நடுவுல உன்னையும் திட்டினேன்."

"அப்புறம் கோபம் தீந்துதா?"

"இல்ல. பசிதான் வந்துச்சு. நிறுத்தி மீன் வறுவல் சாப்பிட்டேன். திரும்ப வண்டில ஏறினதும் விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சேன்."

அக்டோபரில் வெர்லின் கடைக்கு வந்தான். வழக்கம்போல் முழங்கையை ஊன்றவில்லை. தன் வண்டிக்குப் பழைய மாதிரி மட்கார்டும், இருவர் உட்காரும் சீட்டும், நல்ல முதுகுத் தாங்கியும் வேண்டும் என்றான். அர்லிஸ் கேட்டாளா என்றேன். இல்லை, இது அவளுக்குத் தெரியாது, திடீரென்று காட்டி அசத்தப்போவதாகச் சொன்னான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பேனாவைக் கீழே வைத்தேன்.

"ஏற்கெனவே ஒருதடவை அவளைக் கேக்காம ஆர்டர் எழுதினேன், வெர்லின். இன்னொரு தடவை எழுத மாட்டேன்" என்று சொல்லி, அவன் முன்னாலேயே அவளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

மறுமுனையில் அந்தத் தாழ்ந்த குரல்: "அவனோட வண்டி, என்ன வேணாலும் மாட்டிக்கட்டும். ஆனா எனக்காகன்னு சொல்ல வேணாம்னு சொல்லு."

சொன்னேன். வெர்லின் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று ஆர்டர் கொடுக்காமலே போய்விட்டான். அடுத்த வாரம் வந்து கொடுத்தான்.

ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். சண்டை ஓய்ந்துவிட்டது என்று ஊர் சொல்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வசந்தத்தில் அவள் எண்ணெய் மாற்ற வந்தபோது, ஜூலையில் மொன்டானா போவதாகச் சொன்னாள். தன் வண்டியில் தானும் கூட வரட்டுமா என்று வெர்லின் கேட்டிருக்கிறான், இரண்டு முறை. என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்றேன்னேன்" என்றாள், கையுறையை மாட்டிக்கொண்டே. "இன்னும் யோசிச்சு முடிக்கல."