கப்பல்துறைக் கிணற்றின் சூடு

பூமிக்கடியில் உள்ள வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா என்று கணிக்கும் பயிற்சியைத் திருகோணமலையில் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவர்கள் கிணறுகளின் வெப்பநிலையை அளந்து வருவார்கள். அந்த எண்களைக் கணினியில் கொடுத்தால், சுடுநீர் எந்தப் பக்கம் பரவியிருக்கலாம் என்று ஒரு வரைபடம் வரும்.

கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு மாணவியின் வரைபடத்தில், கப்பல்துறை என்ற ஊரில் சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தது. பக்கத்துக் கன்னியாவில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. கப்பல்துறையில் உண்டென்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

"நீங்களே அளந்தீங்களா?"

"ஓம் சேர்." மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

எனக்கு அது போதுமாயிருந்தது. கெட்டிக்காரி, பெயர் வாங்க எண்ணைக் கூட்டி எழுதியிருப்பாள் என்று நினைத்தேன். அவளுடைய பழைய பதிவுகளைக் கிளறினேன். ஒரு பிழையும் அகப்படவில்லை. சந்தேகம் இன்னும் கூடியது.

அவளுக்குச் சொல்லாமல் கப்பல்துறைக்குப் போனேன். கிணறு இருந்த வீட்டின் அம்மா வாசல் கேற்றைத் திறக்கவில்லை.

"ஆர் நீங்கள்? காணி அளக்க வந்தனீங்களோ?"

"இல்லையம்மா. தண்ணியின்ர சூடு பார்க்க ஒரு பிள்ளை வந்தவவா?"

"வந்தவ. கிணத்தடிக்கு நான் விடேல்லை. இப்ப தண்ணி எண்டு வருவீங்கள், பிறகு காணி எண்டு வருவீங்கள். வெயிலுக்க நிண்டவ, பாவமெண்டு பைப்பில பிடிச்சுக் குடுத்தனான்."

நிமிர்ந்து பார்த்தேன். கூரைக்கு மேலே, பைப்புக்குத் தண்ணீர் வரும் கறுப்புத் தாங்கி நண்பகல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம், காணியைத் தொடமாட்டோம் என்று கையெழுத்திட்ட கடிதத்தோடு மாணவியையும் கூட்டிப் போனேன். அம்மா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கேற்றைத் திறந்தார்.

"பிள்ளை, இவர்தான் அண்டைக்குத் தனிய வந்து உங்களைப் பற்றி விசாரிச்சவர்" என்றார்.

மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வெப்பமானியைக் கிணற்றுக்குள் இறக்கினாள். சாதாரணக் கிணற்றுத் தண்ணீர்தான். அம்மா கடைசிவரை எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பேருந்துக்குக் காத்திருந்தபோது மாணவி சொன்னாள்:

"வெறுங்கையோட வர வெக்கமா இருந்திச்சு சேர். அதான் பைப்புத் தண்ணிய அளந்து கிணறு எண்டு எழுதினேன். பிழைதான். ஆனா நீங்க என்னட்டயே கேட்டிருக்கலாம்."

"கேட்டனான்தானே?"

"அளந்தீங்களா எண்டு கேட்டீங்க. எங்க அளந்தீங்க எண்டு கேட்கல்லயே."



அவள் வரைபடத்தைத் திருத்திக் கொடுத்தாள். பயிற்சியையும் நன்றாக முடித்தாள். காணும்போது மரியாதையாகச் சிரிப்பாள். ஆனால் அதற்குப் பிறகு பாடத்தில் ஒரு சந்தேகம் என்று அவள் என்னிடம் வந்ததே இல்லை.