மணிகளுக்கு நடுவே ஒரு நீலப் புள்ளி

ஆயத்த ஆடைக் கம்பெனியில் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை அக்காவுக்கு. காஜாவை விரலால் இழுத்துப் பார்க்காமல் ஒரு சட்டையையும் விட மாட்டாள். கோளாறு கண்ட இடத்தில் நீலச் சாக்பீஸால் புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புவாள். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிடும்.

அவள் தம்பி பல்செட் செய்கிறவன். பல் டாக்டர் அனுப்பும் வாய் அச்சின்மேல் மெழுகை இழைத்து, அதில் பல் அடுக்குவான். அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் சிரித்தால், பல்செட் என்று அவர் பெற்ற பிள்ளைகூடக் கண்டுபிடிக்க முடியாது. இதை அக்கா யாரிடமும் சொல்லத் தவறியதில்லை. சொல்லாமல் விடுவது ஒன்றுதான்: உட்கார்ந்தால்தானே அடுக்குவான்? மேசையைத் துடைப்பான், விளக்கைத் திருப்புவான், பற்களை நிறவாரியாகப் பிரிப்பான், பொழுது போய்விடும். டாக்டரின் உதவியாளர் அவனுக்கு வைத்த பெயர் 'நாளைக்கு'. இந்த முறை அச்சுப் பெட்டியை வைக்கும்போதே, "வெள்ளிக்கிழமை காலையில இது கைக்கு வரலைன்னா டாக்டர் வேற ஆளப் பாத்துக்குவாரு, நாளைக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே தம்பியின் போக்கு மாறியது. சமையலறை டைமரை எடுத்துப்போய் அறைக்கதவைச் சாத்தினான். இருபத்தைந்து நிமிஷத்தில் மணி அடிக்கும். வெளியே வந்து ஜன்னலோரம் ஐந்து நிமிஷம் சும்மா நிற்பான், மறுபடி உள்ளே. போனை அக்காவிடமே கொடுத்துவிட்டான்.

அதுதான் அவளுக்கு உறுத்தியது. கேட்காமலே போனைக் கொடுக்கிறவனை எப்படி நம்புவது? டைமர் ஓட, ஆள் விழித்திருக்க வேண்டுமா என்ன?

வியாழக்கிழமை காய்ச்சல் என்று லீவு போட்டாள். தம்பி குளிக்கப் போனதும் அறைக்குள் நுழைந்தாள். கீழ்வரிசை அடுக்கி முடிந்திருந்தது. அது வேறு யாருக்கோ எப்போதோ செய்ததாகவும் இருக்கலாம். மேல் அச்சு மொட்டையாக இருந்தது. அதன் நடுவில் எள்ளளவு நீலப் புள்ளி வைத்தாள். வேலை நடந்தால் மெழுகு அதை மூடிவிடும்.

முதல் மணிக்கு வெளியே வந்தவன் போனை வாங்கி யாரையோ கூப்பிட்டான். எடுக்கவில்லை. அடுத்த மணிக்கும் அதே கதை.

"யாருக்குடா?"

"ஒண்ணுமில்லக்கா."

ஒண்ணுமில்லாததற்கு இரண்டு தடவையா? மூன்றாவது மணிக்கு அவன் ஜன்னலோரம் நின்றபோது உள்ளே எட்டிப் பார்த்தாள். அச்சு அதே மொட்டை. புள்ளி இருந்த இடத்தில் மட்டும் நகத்தளவு மெழுகு.

"மூணு தடவ மணி அடிச்சு இவ்வளவுதானா? உள்ள தூங்குறியா?"

"தூங்கினாத் தேவலையே. டாக்டர் குறி வச்சிருக்காருக்கா. குறி வச்ச இடத்துல செட்டு அழுத்தக்கூடாது, மெழுகு வச்சுத் தூக்கணும். ஆனா நேத்து இந்தக் குறி என் கண்ணுல படவே இல்ல. கேக்கலாம்னா போன எடுக்க மாட்டேங்குறாரு. தப்பாத் தூக்கிட்டா செட்டு வாயில நிக்காது. வைக்கிறேன், சுரண்டுறேன், வைக்கிறேன், சுரண்டுறேன்."

அக்கா பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. செட் எவர் வாயிலோ ஆடும்; பழி தம்பி தலையில் விழும்.

"அது டாக்டர் வச்சதில்லடா."

"பின்ன?"

பையிலிருந்து நீலச் சாக்பீஸ் துண்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

தம்பி அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "நானும் சட்டையா உனக்கு?" என்றான். பிறகு மெழுகைச் சுரண்டி எறிந்தான், புள்ளியைத் துடைத்தான், டைமரைத் திருகினான். "வெளிய உக்காரு. யாரையும் கதவத் தட்ட விடாத. நீயும் தட்டாத."

கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இரவல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரியை வாசலோடு திருப்பி அனுப்பினாள். மணி அடிக்கும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்; டைமரையும் முழுசாக நம்ப மனம் வரவில்லை. சாயங்காலம் ஒரு தடவை மணி அடித்தும் அவன் வெளியே வரவில்லை. தட்டக் கை எழுந்தது. அதை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளே கத்தி மெழுகைச் சீவும் சத்தம் நிற்காமல் கேட்டது.

மறுநாள் காலை உதவியாளர் வாசலிலேயே ஆரம்பித்தார். "என்ன சார், நாளைக்கா?"

தம்பி பெட்டியை நீட்டினான். அவர் திறந்து பார்த்தார், மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தார். பிறகு பையிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்து வைத்தார்.

அவர் போனதும் அக்கா புதுப் பெட்டியைத் திறந்து அச்சை வெளிச்சத்தில் திருப்பினாள். ஓரத்தில் பென்சில் குறி ஒன்று இருந்தது.

"இது யாருடா வச்சது?"

"டாக்டர்" என்று தம்பி அச்சை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "நீ மொதல்ல கம்பெனிக்குக் கிளம்பு. காய்ச்சல்தான் விட்டுப்போச்சே."