முதல் ‘வேண்டாம்’

க்ளூன்பிராக் பள்ளியின் அலுவலக அறையில் அட்ராக்டா ருவேன் இருபத்தாறு வருஷங்களாக உட்கார்ந்திருக்கிறாள். வேலையின் பெயர் செயலாளர். தொண்டை வலி என்று வரும் பிள்ளைக்குத் தேன் கலந்த வெந்நீர் கொடுப்பது, மழையில் ஊறிய காலுறைக்கு மாற்றுக் காலுறை தேடித் தருவது, எந்தெந்த வீட்டுக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்று பார்த்துப் பள்ளிப் பேருந்தில் இடம் ஒதுக்குவது எல்லாம் அந்தப் பெயருக்குள் அடக்கம். அந்த ஐரிஷ் கடலோரத்தில் பள்ளிக்குப் பிள்ளை அனுப்பும் குடும்பங்கள் நாற்பத்தொன்று. நாற்பத்தொரு வீட்டுச் சமையலறைக்குள்ளும் அவள் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாள். முதல் தடவை கேட்டவுடன் ஒரு வீட்டிலும் குடித்ததில்லை.

அந்தப் பக்கத்தில் யாரும் அப்படிக் குடிப்பதில்லை. டீ போடட்டுமா என்றால் வேண்டாம். ஒரு வாய்தானே என்றால், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன். தண்ணீர் ஏற்கெனவே கொதிக்கிறது என்றால், அப்படியானால் அரைக் கோப்பை. மூன்றாவது தடவை வருவதுதான் பதில். முதல் இரண்டும் மரியாதைக்கு. கேட்டவுடன் சரி என்பவனை அலைகிறான் என்பார்கள். இரண்டு தடவையோடு கேட்பதை நிறுத்துகிறவனைக் கஞ்சன் என்பார்கள். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றால் அது உண்மையான வேண்டாம். அதற்கு மேல் கேட்பது அவமரியாதை.

இதெல்லாம் அட்ராக்டாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படிப்பட்டவளே போன மார்ச்சில் தவறு செய்தாள்.

நோய்க்காகப் பள்ளியை மூடச் சொன்னபோது அரை நாள்கூட அவகாசம் இல்லை. வீட்டிலிருந்து படிக்கப் பிள்ளைகளுக்கு என்னென்ன வசதி இருக்கிறது என்று கேட்க, ஒன்றரை நாளில் நாற்பத்தொரு வீட்டுக்கும் அவள் தொலைபேசியில் பேசினாள். எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: நல்லாத்தான் இருக்கோம், ஒண்ணும் வேண்டாம். பட்டியல் நீளம், காது சூடேறியிருந்தது. அடுத்த எண்ணை அழுத்தினாள். செப்டம்பரில் பள்ளி திறந்தபோதுதான் நோரீன் லவெலின் மகள் சொரகா மார்ச்சுக்குப் பிறகு ஒரு பாடமும் பார்க்கவில்லை என்று தெரிந்தது. வயிற்று வலி என்று அலுவலக அறைக்கு வந்த பிள்ளை, வெந்நீர்ப் பையை அணைத்துக்கொண்டு தானாகவே சொன்னது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். அது காலையில் அம்மாவோடு வேலைக்குப் போய்விடும். அம்மா திரும்பும்போது தம்பிகளுக்குப் பசி, அம்மாவுக்குத் தூக்கம்.

“நீ ஏன் யார்கிட்டயும் சொல்லல?” என்று அட்ராக்டா கேட்டாள்.

“யாரும் ரெண்டாவது தடவை கேக்கல” என்றாள் சொரகா. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்தும் பள்ளி திறக்கவில்லை. ஜனவரி பிறந்ததும் மறுபடி வீட்டுப் படிப்பு என்று அறிவித்துவிட்டார்கள். சொரகா இப்போது ஆறாம் வகுப்பு. செப்டம்பரில் நகரத்துப் பெரிய பள்ளிக்குப் போக வேண்டியவள். கணக்கில் ஏற்கெனவே ஒரு வசந்தகாலம் முழுவதும் ஓட்டை. இன்னொரு ஓட்டை விழுந்தால் அங்கே போய் அவளால் எட்டிப் பிடிக்க முடியாது என்று வகுப்பு ஆசிரியை வெளிப்படையாகவே சொன்னாள்.

தலைமையாசிரியர் கார்மக் டூஹி இந்தத் தடவை தயாராக இருந்தான். முப்பத்துநான்கு வயது. டப்ளினில் பிறந்து வளர்ந்து, இரண்டு வருஷத்துக்கு முன்தான் இங்கே வந்தவன். வந்த நாளிலிருந்தே அட்ராக்டா அவனை, ஊர் வழக்கப்படி, மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறாள். அவனுக்குத்தான் அது இன்னும் கூச்சமாக இருக்கிறது. விடுமுறையிலேயே பல இடங்களில் கேட்டுப் பத்து லேப்டாப் சேர்த்து வைத்திருந்தான். திங்கட்கிழமை எல்லாப் பெற்றோருக்கும் போனில் ஒரு படிவம் அனுப்பினான். சுத்தமான படிவம். ‘உங்கள் பிள்ளைக்குக் கணினி தேவையா? ஆம், இல்லை.’ செவ்வாய்க்கிழமை பகலுக்குள் நாற்பத்தொரு பதிலும் வந்துவிட்டது. முகமெல்லாம் மலர்ச்சியாக அவளுடைய அறை வாசலில் வந்து நின்றான்.

“ரெண்டே ரெண்டு வீட்டுக்குத்தான் வேணுமாம், அட்ராக்டா. நான் பயந்த அளவுக்கு இல்ல.”

அந்த இரண்டு வீடும் யாருடையவை என்று அவள் கேட்டாள். ஒன்று போலந்துக் குடும்பம், இன்னொன்று பிரேசிலிலிருந்து இறைச்சித் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள். அட்ராக்டா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“மாஸ்டர், நீங்க எத்தனை தடவை கேட்டீங்க?”

“ஒரு தடவை. படிவத்துல இருக்கே.”

“அப்ப இன்னும் ரெண்டு தடவை பாக்கி இருக்கு.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான். சிக்கல் என்னவென்றால், நகரத்துப் பள்ளியில் பற்றாக்குறை என்று கேட்டதற்கு, மிச்சம் எட்டையும் தருவதாக அவன் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர்கள் வேன் வருகிறது. அட்ராக்டா சொரகாவின் கதையைச் சொன்னாள். மார்ச்சில் பேசியவள் தானே என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

“வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு இந்த அறையில என்ன மிச்சம் இருக்கோ அது வேன்ல போகும். அதுவரைக்கும் நான் எதையும் எண்ணப் போறதில்ல” என்றான்.

அட்ராக்டாவுக்கு அது போதும்.

புதன்கிழமை காலையில் எட்டு லேப்டாப்பையும் ஒவ்வொன்றாக இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, அதற்குமேல் ஒரு துணிப்பை போட்டு, காரின் பின்னிருக்கையில் அடுக்கினாள். யார் வீட்டுக்குப் போவது என்று பட்டியல் பார்க்கவில்லை. எந்தப் பிள்ளைக்கு எத்தனை தம்பி தங்கைகள், எந்த அப்பா ஆட்டுமந்தையோடு பகல் முழுவதும் மலையில், எந்த வீட்டுக் கணினி அக்காவோடு கால்வே பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று, எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றுதான். மூன்று தடவை கேட்பதெல்லாம் இதுவரை சமையலறை மேசையில் நடந்தது. இப்போது ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போகக் கூடாது, இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அங்கே இரண்டாவது ‘வேண்டாம்’ சொன்னதும் கதவைச் சாத்திக்கொள்வது சுலபம்.

முதல் வீடு டிம்ப்னா பாரெட்டுடையது. கடலிலிருந்து மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. அட்ராக்டா பையை வாசலுக்கு முன்னால் இருந்த குட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். டிம்ப்னா கதவைத் திறந்து, கையை ஆட்டி, எங்களுக்கு எல்லாம் இருக்கு என்றாள்.

“என்ன இருக்கு?”

“டிவி இருக்கு.”

“டிவில கணக்கு டீச்சர் வருவாங்களா?”

“வந்தா எங்க வீட்டுக்காரர் அதையும் மாத்தி ஆட்டுச் சந்தை நிலவரம் பாப்பாரு” என்றாள் டிம்ப்னா. ஆனாலும் இதைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்குக் கொடு என்று இரண்டாவது தடவையும் மறுத்தாள். அட்ராக்டா மூன்றாவது தடவை கேட்கவில்லை. மழையைப் பற்றிப் பேசினாள். பேசிக்கொண்டே பையைப் பார்த்தாள். டிம்ப்னாவும் பார்த்தாள். துணிப்பை முழுவதும் நனைந்து கறுத்துக்கொண்டிருந்தது.

“பாவம், அது நனையுதே” என்றாள் டிம்ப்னா கடைசியில். இரண்டு எட்டில் வந்து அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். “நனையுதேன்னுதான் எடுத்து வெக்கிறேன், தெரிஞ்சுக்கோ.”

“தெரியும் தெரியும். திங்கக்கிழமை ஒம்பதரைக்கு வகுப்பு.”

காருக்குத் திரும்பும்போது அட்ராக்டா முதல் தடவையாக மழைக்கு நன்றி சொன்னாள். அன்றும் மறுநாள் காலையும் அதே முறை. சுவர், பை, மழை, பேச்சு. ஒரு வீட்டில் நாய் பையைக் கவ்வ வந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது. ஒரே ஒரு வீட்டில்தான், மூன்றாவது தடவை கேட்டும் வேண்டாம் என்றார்கள். உள்ளே மூன்று கணினி ஓடுகிற சத்தம் வாசல்வரை கேட்டது. அவள் மன்னிப்புக் கேட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்து, அதை இன்னொரு வீட்டில் கொடுத்தாள். வியாழன் மதியத்துக்குள் ஏழு போய்விட்டது. எட்டாவது நோரீனுக்கு. அந்த வீட்டை அவள் வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளியிருந்தாள்.

நோரீன் வியாழக்கிழமைகளில் வேலைக்குப் போவதில்லை. மற்ற நாட்களில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. கணவன் மாலக்கி ஸ்காட்லாந்தில் சுரங்கப்பாதை தோண்டும் வேலையில். கிறிஸ்துமஸுக்கும் வர முடியவில்லை. படகுத்துறைக்குப் போகும் சாலையின் கடைசி வீடு அவர்களுடையது. நோரீன் கதவைத் திறந்தபோது வேலையுடுப்பில்லாத நாளிலும் முகத்தில் முகக்கவசத்தின் தழும்பு தெரிந்தது.

அட்ராக்டா கேட்டாள். நோரீன் நல்லாத்தான் இருக்கோம் என்றாள். அட்ராக்டா இரண்டாவது தடவை கேட்டாள். அதெல்லாம் சமாளிச்சுக்குவோம் என்று பதில் வந்தது. சுவர்மேல் பை நனைந்தது. நோரீன் அதைப் பார்க்கவேயில்லை. அட்ராக்டா மூன்றாவது தடவை, ஒவ்வொரு சொல்லாக, சொரகாவுக்கு இது வேணும் இல்லையா என்று கேட்டாள்.

“வேண்டாம், அட்ராக்டா” என்றாள் நோரீன்.

மூன்றாவது வேண்டாம். இனி பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கிளம்பாமல் நின்றாள். இருபத்தாறு வருஷத்தில் யார் வீட்டு வாசலிலும் அவள் அப்படி நின்றதில்லை.

“போன மார்ச்சுல உன்கிட்ட போன்ல பேசினேன், ஞாபகம் இருக்கா? நீ ஒரு தடவை வேண்டாம்னே. நான் வெச்சுட்டேன். அது என் தப்பு நோரீன். எனக்குத் தெரிஞ்சே பண்ணின தப்பு.”

“உன் தப்பு என்ன இருக்கு. நான்தான சொன்னேன்.” நோரீன் கதவுச் சட்டத்தில் சாய்ந்தாள். “இப்ப வாங்கினா, இத்தனை நாளு எம்புள்ள ஒண்ணும் இல்லாம கெடந்துச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. மத்தவங்க அம்மாக்களைக் குளிப்பாட்டி சோறூட்டிட்டு, எம்புள்ளய மட்டும் விட்டுட்டேன்னு.”

மழை அட்ராக்டாவின் கழுத்துப்பட்டிக்குள் இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த நோரீனுக்கு வளர்ந்த வழக்கம் விடவில்லை.

“இப்படி நனையிறியே. டீ குடிக்கிறியா?”

“குடிக்கிறேன்.”

நோரீன் நிமிர்ந்தாள். “என்ன சொன்ன?”

“குடிக்கிறேன்னு சொன்னேன். பால் ஊத்தி, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. ரொட்டி இருந்தா அதுவும் கொண்டா, வெண்ணெயைத் தாராளமா தடவி. நான் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல.”

நோரீன் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க. “உன் புத்தி பிசகிடுச்சா? ஊர்ல யாராவது கேட்டா என்ன நினைப்பாங்க?”

“பசிச்சுதுன்னு நினைப்பாங்க. பசிச்சுதுதான்.”

நோரீன் டீயையும் ரொட்டியையும் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். அட்ராக்டா கூரைச் சொட்டின்கீழ் நின்று ரசித்துச் சாப்பிட்டாள். மழைத்துளி விழுந்து கோப்பை நிறைந்துகொண்டேயிருந்தது. உள்ளே இரண்டு பையன்கள் நாற்காலியைப் பிடித்து இழுக்கும் சண்டை. மாடிச் சன்னலில் சொரகாவின் முகம் தெரிந்து மறைந்தது. நோரீன் அதைப் பார்த்தாள். கதவுக்குள் நின்றபடியே கைகளைக் கட்டிக்கொண்டாள்.

“கேளு” என்றாள்.

“என்னத்த?”

“முதல்ல இருந்து கேளுன்றேன். இதுவரைக்கும் கேட்டதெல்லாம் போகட்டும்.”

அட்ராக்டா கோப்பையைக் கீழே வைத்தாள். “நோரீன், சொரகாவுக்கு லேப்டாப் வேணுமா?”

“வேணும்” என்றாள் நோரீன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வேன் வந்தது. கார்மக் வெளியே போய், கொடுக்க ஒன்றும் இல்லை என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு வந்தான். நகரத்துப் பள்ளிக்கும் அவனே போன் செய்து, வாக்குத் தவறியதற்கு மன்னிப்புக் கேட்டான். அங்கிருந்த தலைமையாசிரியை கால் மணி நேரம் பேசினாளாம். அவனுடைய காது சிவந்திருந்தது. ஆனாலும் அவன் முகம் வாடவில்லை.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு அட்ராக்டா ஆறாம் வகுப்பு ஆசிரியையின் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். சதுரம் சதுரமாகப் பிள்ளைகள். சில சதுரங்களில் கூரை மட்டும், ஒன்றில் பூனை. ஆசிரியை வருகைப் பதிவு எடுத்தாள். லவெல் என்று கூப்பிட்டதும் ஒரு சதுரத்தில் நெற்றியும் இரண்டு கண்களும் எழுந்தன. “அன்ஷோ” என்றாள் சொரகா, பள்ளியில் சொல்வது போலவே ஐரிஷில். இருக்கிறேன். அதன்பின் ஆசிரியை பின்னங்களைத் தொடங்கினாள். சொரகா முதல் கணக்குக்கே கையைத் தூக்கி, புரியவில்லை என்றாள்.

பிற்பகலில் கார்மக் அடுத்த படிவத்தோடு வந்தான். வாராவாரம் பாடப்பைகளை வீடுகளுக்கு அனுப்பும் திட்டம். ‘உங்கள் வீட்டுக்குப் பாடப்பை தேவையா? ஆம், இல்லை’ என்று இருந்தது. அட்ராக்டா பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். மேலே எழுதினாள்: ‘பாடப்பையை என்றைக்குக் கொண்டு வரட்டும்? புதன், வியாழன்.’

கார்மக் அதை இரண்டு தடவை படித்தான். “வேண்டாம்னு நினைக்கிறவங்க எதுல டிக் போடுவாங்க?”

“அவங்க எனக்கு போன் பண்ணிச் சொல்லட்டும்” என்றாள் அட்ராக்டா. “மூணு தடவை.”