வெள்ளைத் தட்டு, வலப்புறம் மூன்றடி

சென்ற ஞாயிறு மாலை நான்கு இருபதுக்கு எங்கள் எஸ்டேட் மேனேஜர் எறிந்த வெள்ளைத் தட்டு, கூடைக்கு ஆறடி இடப்புறம் போய்த் தேயிலைச் செடிக்குள் விழுந்தது. ஆறடி. டேப் பிடித்து அளந்தது நான். அந்தத் தட்டு எங்கே போகும் என்று எழுதிக் கொடுத்தவனும் நான்தானே?

தட்டு என்றால் சோற்றுத் தட்டு இல்லை. பிளாஸ்டிக்கில் செய்த பறக்கும் தட்டு. மேனேஜரின் தம்பி அமெரிக்காவிலிருந்து வந்தபோது மூன்று கொண்டுவந்தார் — சிவப்பு, நீலம், வெள்ளை. அங்கே இதை வைத்து கோல்ஃப் போல ஓர் ஆட்டம் தொடங்கியிருக்கிறார்களாம். குழிக்குப் பதில் கூடை. தட்டு விழுந்த இடத்தில் நின்று அடுத்த எறி. குறைந்த எறியில் கூடைக்குள் போட்டவர் ஜெயித்தவர்.

கூடைக்கு எங்கள் பீர்மேட்டுத் தேயிலை மலையில் பஞ்சமா? மூன்று கொழுந்துக் கூடைகளைக் கழிகளில் சற்றுச் சாய்த்துக் கட்டினோம். ஆட்டம் தயார். அடுத்த எஸ்டேட் மேனேஜரோடு போட்டியும் முடிவாகிவிட்டது.

கோல்ஃபில் கடைசியாகப் பந்தைக் குழிக்குள் தள்ள ஒரு தனி மட்டை உண்டாம். பட்டர் என்பார்களாம். அதுபோலக் கடைசி எறிக்கு மூன்றில் எந்தத் தட்டு உகந்தது? மேனேஜருக்கு அதுதான் கவலை. அவருக்கு அந்த வாரம் முழுக்கக் கோட்டயத்தில் மீட்டிங். "ஹெட் கிளார்க், நீங்க எறிய வெச்சுப் பாத்து எழுதி வையுங்க. உங்களை மாதிரி எழுத ஆளில்லை" என்றார்.

உண்மைதான். முப்பத்தோரு வருடமாக டைரி எழுதுகிறேன். மழை பெய்தால் எத்தனை மணிக்கு நின்றது என்பது வரை இருக்கும். வீட்டில் சொன்னதும் மனைவி கேட்டாள், "தின்ன தட்டை எடுத்து வைக்க நேரமில்லை. எறிஞ்ச தட்டுக்கு எழுதப் போறீகளாக்கும்?"

எறிய ஆள் யார்? பேச்சியம்மாள் என்று கொழுந்து எடுக்கும் பெண். முதல் நாள் மேனேஜர் எறிந்து வழி தவறி வந்த தட்டை மலைச் சரிவிலிருந்து திருப்பி எறிந்தாள். நாற்பதடி தாண்டி நேராகக் கூடைக்குள் விழுந்தது. நாளெல்லாம் திரும்பிப் பார்க்காமல் முதுகுக் கூடைக்குள் கொழுந்து வீசுகிறவளுக்கு இது எம்மாத்திரம்?

மேனேஜர் சிரித்துக்கொண்டே கேட்டார், "இவ எறியட்டும். நான் ஜெயிச்சா உனக்கு என்ன வேணும்?"

"கீழ் லயத்துல ஒரு வீடு, தொரை."

எனக்குச் சுருக்கென்றது. லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்; அவள் இருப்பது மேல் டிவிஷன் லயத்தில். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெஷ் கீழே, இரண்டு மைல் ஒரு பர்லாங். ஐந்து மாதக் கைக்குழந்தை. பால் கொடுக்க விடும் நேரம் இறங்கி ஏறவே போய்விடுகிறது. அவளுக்கு மனு எழுதிக் கொடுத்ததே நான்தான். மூன்று மாதமாக மேனேஜர் மேஜையில் கிடக்கிறது.

"ஜெயிக்கட்டும், பார்க்கலாம்" என்றார் மேனேஜர்.

ஒரு குழந்தையின் பால் பிளாஸ்டிக் தட்டின் மேல் ஏறிக்கொண்டது. எனக்கு அதிர்ச்சிதான். ஆனால் வாயைத் திறந்தேனா? டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலை முதல் தட்டை எறியப் போனவள் நின்றுவிட்டாள். வலது கைக்கு மாற்றி எறிந்தாள். தட்டு காக்கை விரட்டப் போனதுபோல் எங்கோ போயிற்று. "உனக்கு வசமான கையிலேயே எறியேன் அம்மா" என்றேன்.

"எறியுதேன். ஆனா எடக்கைன்னு மட்டும் நோட்டுல எழுதிராதீகய்யா. எங்க அத்தை இந்தக் கையால ஒரு கரண்டி சோறு வைக்க விடமாட்டாக. வீடு கேட்டு நிக்குத நேரத்துல தொரை முன்னால பீச்சாங்கைக்காரின்னு பேரு எதுக்கு?"

நியாயம்தானே? அடுத்தவர் கையைப் பற்றி எழுதுவது நாகரிகமும் இல்லை. பறக்கப் போவது தட்டு, கை இல்லையே... விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு தட்டும் பதினான்கு முறை. மொத்தம் நாற்பத்திரண்டு எறி. சிவப்பு லேசு — மிதக்கும், ஆனால் பள்ளத்திலிருந்து காற்று ஏறினால் அதன் பேச்சைத்தான் கேட்கும். நீலம் இருபதடி வரை நூல் பிடித்தாற்போல் போகும், அதற்கு மேல் தலை தூக்கும். வெள்ளை கனம், விளிம்பும் தடிப்பு. நேராகப் போய், வேகம் குறைந்ததும் வலப்புறம் மூன்றடி வளைந்து இறங்கும். பதினான்கு முறையும் அதே மூன்றடி. தப்பாகப் போவதிலும் ஓர் ஒழுங்கு. எனக்கு அதன் மேல் மரியாதையே வந்துவிட்டது.

'கடைசி எறிக்கு வெள்ளை. கூடைக்கு மூன்றடி இடப்புறம் குறி வைக்கவும்' என்று ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொடுத்தேன். மேனேஜருக்குத் தமிழ் வாசிக்க வராது. இதையெல்லாம் இங்கே எழுதுகிற தைரியமும் அதனால்தான்.

ஞாயிறு மூன்று மணிக்குப் போட்டி. முதல் இரண்டு கூடையிலும் மேனேஜருக்கு அதிர்ஷ்டம் — தட்டு கூடைக்கு அருகிலேயே விழுந்ததால் கையை நீட்டிப் போட்டுவிட்டார். அடுத்த எஸ்டேட்காரரும் விடவில்லை, சமம். மூன்றாவது கூடையில் அவர் முதலில் போட்டு முடித்துவிட்டார்; எங்கள் மேனேஜருக்கு முப்பதடி இருக்கும்போது ஒரே எறி பாக்கி. விழுந்தால் சமம், தவறினால் தோல்வி. என் தாளைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். மூன்றடி இடப்புறம் குறி வைத்தார். வெள்ளைத் தட்டு அங்கே போயிற்று... போய், இன்னும் மூன்றடி இடப்புறமே வளைந்தது.

 பதினான்கு முறை பார்த்த தட்டு. அதே இடம். காற்றும் இல்லை. எப்படி?

"ஆபீஸ்ல உக்காந்தே எழுதினதா இது?" என்றார் மேனேஜர். முப்பத்தோரு வருடத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. பிறகு, வேடிக்கை பார்க்க வந்த பெண்களோடு நின்ற பேச்சியம்மாளைப் பார்த்தார். "உன் வீடும் அந்தச் செடிக்குள்ளதான் கிடக்கு. போய்த் தேடு."

போனாள். செடி விலக்கித் தட்டை எடுத்தாள். மேனேஜர் நின்ற இடத்திலேயே வந்து நின்றாள். அத்தனை பேர் முன்னால் இடது கையால் எறிந்தாள். தட்டு மூன்றடி இடப்புறம் போய், கூப்பிட்டாற்போல் வலப்புறம் திரும்பிக் கூடைக்குள் தொப்பென்று இறங்கியது.



"ஐயா எழுதுனது சரிதான் தொரை" என்றாள். "என் கைக்கு எழுதுனது. உங்க கையில விட்டா அது மறுபக்கமாச் சுத்துது. வளையறதும் மறுபக்கம்தான்."

நோட்டைப் புரட்டினேன். காற்று இருக்கிறது. புல் ஈரம் இருக்கிறது. இருபத்தேழாவது எறியில் குறுக்கே ஒரு நாய் ஓடியது இருக்கிறது. கை இல்லை. நாகரிகம் பார்த்து நான் விட்ட அந்த ஒரு சொல்தான் மொத்த நோட்டும்.

அடுத்த எஸ்டேட்காரர் தொப்பியைக் கழற்றினார். "ஏம்மா, எங்க எஸ்டேட்டுக்கு வர்றியா? கிரெஷுக்கு எதிர்லயே வீடு காலியா இருக்கு."

எங்கள் மேனேஜர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. என் கையிலிருந்த நோட்டை வாங்கினார், ஒரு தாளைக் கிழித்தார் — என் நோட்டில் இதுவரை தாள் கிழிந்ததில்லை — ஜீப் பானட்டில் வைத்துக் கீழ் லயத்தில் வீடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று மாதமாக இரக்கத்துக்கு நகராத பேனா, பக்கத்து எஸ்டேட்காரர் கேட்டதும் ஒரு நிமிடத்தில் நகர்ந்துவிட்டது. தாள் கிழிந்ததை விட அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. நம்மில் எத்தனை பேருக்கு, நம்மிடம் இருப்பவரின் அருமையை இன்னொருவர் வந்து கேட்டால்தான் தெரிகிறது?

புதன்கிழமை வீட்டுப் பதிவேட்டில் எழுதுவதற்காகக் கீழ் லயம் போனேன். பேச்சியம்மாள் வாசலில் அடுப்புக்கல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வசதியா இருக்கா அம்மா?"

"புள்ள அழுதா இங்க கேக்குதுய்யா. மேல இருக்கையில அழுவுதா, சும்மா இருக்கான்னே தெரியாது."

கிரெஷ் இரண்டு மைல் ஒரு பர்லாங் என்று மனுவில் எழுதிக் கொடுத்திருந்தேன் — பர்லாங்கைக் கூட விடாமல். பிள்ளை அழுதால் கேட்காது என்பது மட்டும் அதில் இல்லை.