தறிச் சத்தம் கேட்க வந்த ஹங்கேரிக்காரர்

எல்லாம் என் வாய்க்கொழுப்பால் வந்தது. சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் விடைத்தாள் திருத்திக்கொண்டே யூடியூபில் செல்லோ இசை போட்டிருந்தேன். அது முடிந்ததும் தானாகவே வேறொன்று ஓட ஆரம்பித்தது. ஹங்கேரி நாட்டு இசையமைப்பாளர் ஒருவர் தாள வாத்தியங்களுக்காக மட்டும் எழுதியது. தடதட, தடதட. எரிச்சலில், "எங்கள் ஜலகண்டாபுரம் விசைத்தறிகள் இதைவிட நன்றாக வாசிக்கும்" என்று கீழே எழுதிவிட்டேன்.

மூன்றாம் நாள் அவரே பதில் போட்டிருந்தார். "ஜலகண்டாபுரம் எங்கே இருக்கிறது?"

அடுத்த ஜனவரியில் சென்னை நிகழ்ச்சி ஒன்றுக்கு வந்தவர், ரயிலேறிச் சேலத்துக்கும் வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும். காரில் போகும்போது பேச்சுக் கொடுத்தேன். அப்பா கடிகாரம் பழுது பார்ப்பவராம். கடையில் இருந்த கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டி அடிக்குமாம். அதைக் கேட்டே தாளப் பைத்தியம் பிடித்துவிட்டதாம். ரயில் நிலையத்தை வைத்து ஓர் இசை நாடகம் எழுதியிருக்கிறார். முதல் நாளே இடைவேளையில் பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது.

"மீதிப் பேருக்குப் பிடித்ததா?" என்றேன்.

"அவர்கள் என் சொந்தக்காரர்கள்" என்றார்.

ஜலகண்டாபுரத்தில் என் தாய்மாமாவுக்கு எட்டுத் தறி ஓடும் பட்டறை இருக்கிறது. நாங்கள் உள்ளே நுழைந்ததும் மாமா முதல் வேலையாக எட்டையும் நிறுத்தினார்.

"வாங்க சாமி, உக்காருங்க. விருந்தாளி வந்திருக்கறப்ப இந்த எரைச்சலு நல்லாவாங்க இருக்கும்?"

எரைச்சலைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் சொன்னதை மாமா காதில் வாங்கவில்லை. டீயும் முறுக்கும் வந்தன. பொறுத்துப் பார்த்த ஹங்கேரிக்காரர், தெருச் சத்தத்தையாவது பதிவு செய்யலாம் என்று எழுந்தார். தலையில் பெரிய ஹெட்போன், கையில் பஞ்சு உறை போட்ட மைக். பத்தடி நடந்திருப்பார், எதிர்ப் பட்டறை நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. தெருவே அடங்கி ஓர் ஆடு கத்துவது மட்டும் கேட்டது. அவர் அதையும் விடாமல் பதிவு செய்துகொண்டார்.

மாமா விசாரித்துக்கொண்டு ஓடி வந்தார். "சத்தத்த அளந்து பட்டறைக்கு சீல் வெக்கற ஆபீசருன்னு நெனச்சுக்கிட்டாங்க அம்மிணி!"

எதிர்ப் பட்டறைக்காரரிடம் போய், இவர் இசையமைப்பாளர் என்றேன்.

"அப்ப ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்க பாக்கலாம்."

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் ஹங்கேரிக்காரர் மகிழ்ச்சியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் அம்மா பாடிய தாலாட்டு ஒன்றைப் பாடினார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தக் குரலில் தூங்கின குழந்தைகூட எழுந்துவிடும்.

"ஆபீசரேதானுங்க" என்றார் எதிர்ப் பட்டறைக்காரர் தீர்மானமாக.

இவர் இசையை எழுதுவார், மற்றவர்கள்தான் வாசிப்பார்கள் என்று தெருவில் நின்று வகுப்பே எடுத்தேன். யாரும் அசையவில்லை. வாசலில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்த ஓர் அக்காதான் காப்பாற்றினார்.

"ஏனுங்க, நமக்கு டிசைன் போட்டுக் குடுக்கறவருக்குத் தறி ஓட்டத் தெரியுமாங்க? அது மாதிரித்தான் இவுரும். போட்டு உடுங்க தறிய!"

அது எல்லோருக்கும் புரிந்தது. ஒவ்வொரு பட்டறையாகத் தறிகள் கிளம்பின. ஹங்கேரிக்காரர் கண்ணை மூடி நடுத்தெருவில் நின்றார். பின்னால் வந்த டெம்போ ஹாரன் அடித்து ஓய்ந்தது. கையைப் பிடித்து ஓரமாக இழுத்து நிறுத்தினேன். மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தார். போகும்போது அந்த அக்காவுக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்.

ஒரு வருடம் கழித்து, எங்கள் தறித் தாளத்தை வைத்து அவர் எழுதிய இசை வந்தது. அவர் நாட்டு மேடையில் வாசித்த பதிவு. மாமாவிடம் போய்ப் போனில் போட்டுக் காட்டினேன். இந்த முறை தறிகளை நிறுத்தியதற்கு ஒரு காரணம் இருந்தது. அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கையைத் தூக்கினார்.

"நிறுத்து, நிறுத்து. இந்த எடத்துல நூல் அறுந்துபோச்சு. ஒருத்தரும் பாக்கலியா?"

வேடிக்கையாக இருக்கட்டும் என்று அதை ஹங்கேரிக்காரருக்கு எழுதினேன். அன்றைக்கே பதில் வந்தது. அந்த இடத்தில் டிரம் வாசித்தவர் ஓர் அடியைத் தவறவிட்டாராம். விமர்சகர்கள் உட்பட அரங்கில் ஒருவரும் கவனிக்கவில்லையாம்.

மாமாவிடம் படித்துக் காட்டினேன். பெருமைப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

"ஒருத்தருமே பாக்கலியா?" என்றார். "பாவம் அந்த மனுசன், என்ன பொழப்பு அது."