காலமானார் என்று எழுதியிருந்த கணவர்

1. முதல் நாள் செய்த தவறு

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, திண்டுக்கல்லுக்கு வெளியே வத்தலக்குண்டு ரோட்டில் இருந்த ஒரு முதியோர் இல்லத்துக்கு சேவைப் பணிக்காக அனுப்பப்பட்டேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருடங்கள் அவை. கன்னியாஸ்திரிகள் நடத்திய இல்லம். பின்கட்டில், ஞாபகம் தப்பிப்போனவர்களுக்கென்று தனி வார்டு வைத்திருந்தார்கள். ரிஜிஸ்டரில் ‘டிமென்ஷியா வார்டு’ என்று இருக்கும். அங்கு வேலை பார்த்தவர்களுக்கு அது ‘மறதி வார்டு’.

அங்கே நான் முதலில் பேசியது பழனியம்மாளிடம். கீரனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். எழுபதை நெருங்கிய வயது. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலிக்கயிறு. என்னைப் பார்த்ததும், “அம்மணி, எங்கூட்டுக்காரர் வியாழக்கிழம வருவாருங்க. கேட்டத் தொறந்து வைக்கச் சொல்லு” என்றார்.

அன்று காலையில்தான் எல்லாருடைய ஃபைலையும் படித்திருந்தேன். அவருடையதில் ‘கணவர்: காலமானார்’ என்று இருந்தது. உண்மையைச் சொல்வதுதான் நல்லது என்று நினைத்து, அவர் இறந்துவிட்டாரே அம்மா என்று மெதுவாகச் சொன்னேன்.

பழனியம்மாள் உள்ளங்கையால் பொட்டை அழித்துவிட்டு, தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். வார்டு ஆயா ராசாத்தி அக்கா ஓடி வந்தார். என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், “ஃபைலப் படிச்சா அப்படியே வந்து ஒப்பிக்கிறதா புள்ள? செத்த நேரத்துல மறந்துரும். நாளைக்கு நீ திரும்பச் சொன்னா, திரும்ப முதல்லருந்து அழுவும்” என்றார்.

அவர் சொன்னபடியே நடந்தது. அரை மணி நேரம் கழித்துப் பழனியம்மாள் கண்ணாடி முன் நின்று, பொட்டு எங்கே போனது என்று கேட்டார். ராசாத்தி அக்கா வைத்துவிட்டார்.

வார்டுக்குப் பொறுப்பு சிஸ்டர் அமலா. அன்று சாயங்காலம் அவர் வேலையின் முதல் விதியைச் சொல்லிக்கொடுத்தார். மறுத்துப் பேசாதே, திருத்தாதே, பேச்சை வேறு பக்கம் திருப்பு. இதை அவர்கள் ‘ரீடைரக்ட்’ என்பார்கள். புருஷன் இறந்தது அம்மாவுக்கு மறந்துபோய்விட்டது, பொட்டும் தாலியும் அப்படியே இருக்கட்டும் என்று மகனே சேர்க்கும்போது கேட்டுக்கொண்டாராம். அது எனக்குப் பெருந்தன்மையாகத் தெரிந்தது. அடுத்த நாளிலிருந்து நானும் “வருவாரும்மா, வியாழக்கிழம வந்துருவாரு” என்று சொல்லப் பழகினேன். சொல்லும்போதெல்லாம், இது பொய்யா, வைத்தியமா என்று எனக்கே விளங்கவில்லை.

2. கேட்டில் நின்றவர்

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை மத்தியானம், சிஸ்டர் திண்டுக்கல் நாகல் நகருக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார். வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்ததால் கேட்டில் நான் இருந்தேன். மெலிந்த ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு வந்தார். சட்டை கசங்கியிருந்தது.

“பழனியம்மாளப் பாக்கோணுங்க. நான் அவ வூட்டுக்காரன்.”

உள்ளே போய் ஃபைலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். காலமானார் என்றுதான் இருந்தது. அப்படியென்றால் இவர் யார்? எங்கிருந்தோ வழி தவறி வந்த இன்னொரு மறதிக்காரராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். படித்த பாடம் கையில் இருந்தது. அவரை நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ஊர், சாப்பாடு என்று பேச்சை மாற்றினேன். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்ததாகவும், ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் சொல்லித்தான் பழனியம்மாள் இங்கே இருப்பது தெரிந்ததாகவும் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன். அவர் யோசித்து, செவ்வாய் என்றார்.

அந்த ஒரு பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. விடியற்காலையிலிருந்து பஸ் மாறி மாறி வந்த வயதானவருக்குக் கிழமை குழம்பாதா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இன்று எனக்கே பல நாள் குழம்புகிறது.

அடுத்த புதன்கிழமை வாருங்கள், சிஸ்டர் இருப்பார் என்று அனுப்பிவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. பையிலிருந்து ஒரு சீப்பு சிறுமலை வாழைப்பழத்தை எடுத்து, அவளிடம் கொடுத்துவிடுங்கள் என்று நீட்டிவிட்டு நடந்தார். பழனியம்மாளிடம் அதைக் கொடுத்தேன். யார் வாங்கி வந்தது என்று கேட்டார். யாரோ என்றேன்.

3. மகன் சொன்னது

சிஸ்டர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். வந்தவருடைய பெயரைக் கேட்டார். பெரியவர் சொல்லியிருந்த பெயரும் ஃபைலில் இருந்த பெயரும் ஒன்றுதான்; நான்தான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. சிஸ்டர் உடனே மகனுக்கு போன் செய்தார். அவர் நாளைக்கு நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் வந்தார். பெயர் செல்வராஜ், நாற்பது வயதிருக்கும். அப்பா உயிரோடுதான் இருக்கிறார் என்று ஒப்புக்கொண்டார். செல்வராஜ் எட்டாவது படிக்கும்போது, ஒரு சந்தை நாளன்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனவர் வேறொரு பெண்ணோடு குடும்பம் நடத்தப் போய்விட்டாராம். மூன்று பிள்ளைகளையும் அம்மாதான் வயல்காட்டு வேலை பார்த்து ஆளாக்கியிருக்கிறார். நல்ல நினைவிருந்த காலம் வரைக்கும் அவர் பேரைக்கூட வீட்டில் எடுக்கவிட்டதில்லை. ஞாபகம் போன பிறகுதான், வருவார் வருவார் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்.

அதற்காக இறந்துவிட்டார் என்று எழுதலாமா என்று சிஸ்டர் கேட்டார்.

“சிஸ்டர், எங்கம்மா மறந்துட்டாங்க. நான் மறக்கலீங்க. அவங்க மறந்ததால இந்தாளு பண்ணுனதெல்லாம் இல்லைன்னு ஆயிருமா?”

எனக்கு எதுவும் பிடிபடவில்லை. உள்ளே இருக்கிற பழனியம்மாள் அவரைத்தான் தினமும் கேட்கிறார். நினைவோடு இருந்த பழனியம்மாள் அவர் முகத்திலேயே விழித்திருக்க மாட்டார். இந்த இருவரில் யார் பேச்சை நாங்கள் கேட்பது? கடைசியில் சிஸ்டர், அவர் மறுபடி வந்தால் உங்களுக்குத் தெரியாமல் உள்ளே விடமாட்டேன், ஆனால் ஆளே இல்லை என்று நான் பொய் சொல்லவும் மாட்டேன், நீங்களும் வந்து நில்லுங்கள் என்றார். செல்வராஜ் சரி என்றார்.

4. சாப்பாட்டு நேரம்

நான் சொன்ன புதன்கிழமை பெரியவர் வந்தார். வார்டில் மத்தியானச் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. செல்வராஜ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவும் மகனும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

பழனியம்மாள் பெரியவரை ஏற இறங்கப் பார்த்தார். அழவில்லை, சிரிக்கவும் இல்லை. ராசாத்தி அக்காவிடம் ஒரு தட்டு வாங்கி, தன் பக்கத்தில் வைத்து அவரை உட்காரச் சொன்னார். தானே சோறு போட்டு, வெஞ்சனமாகக் கொஞ்சம் பொரியலும் வைத்தார். பெரியவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

“சாப்புடுங்க,” என்றார் பழனியம்மாள். “இந்தத் தடவையாச்சும், போறப்ப சொல்லிப்போட்டுப் போங்க.”

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். செல்வராஜ் வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து நான் போனபோது, குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். என்னிடம், “அம்மாவுக்குத் தெரியுதுங்களா?” என்று கேட்டார்.

தெரியலீங்கண்ணே என்றேன். அந்த இல்லத்தில் அதுவரை நான் சொன்னவற்றில், யோசிக்காமல் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

கிளம்புவதற்கு முன் செல்வராஜ் ஃபைலைக் கேட்டு வாங்கி, ‘காலமானார்’ என்பதைத் தன் கையாலேயே கோடு போட்டு அடித்தார். பெரியவர் அதற்குப் பிறகு ஒரு வருடம் போல வந்து போனார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் போனார். மகன் அவரிடம் கடைசிவரை பேசவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

படிப்பு முடிந்து நானும் முதியோர் பராமரிப்புக்கே வந்து இருபது வருடம் ஆகப்போகிறது. பழனியம்மாளுக்கு அன்று என்ன நினைவிருந்தது என்று எனக்கு இன்னமும் தெரியாது. ஃபைலில் இருப்பதும் யாரோ ஒருவர் சொன்னதுதான் என்பதை அங்கேதான் கற்றேன். நான் இப்போது பொறுப்பில் இருக்கும் இல்லத்தில் ஃபாரத்தை மாற்றிவிட்டேன். இல்லத்தில் சேர வந்தவர் சொல்வதற்கு ஒரு கட்டம், குடும்பம் சொல்வதற்கு ஒரு கட்டம், நமக்கே உறுதியாகத் தெரிந்ததற்கு ஒரு கட்டம். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் மூன்றாவதைக் காலியாக விடக் கூச்சப்பட்டு எதையாவது எழுதிவிடுகிறார்கள். நான் அதை அழித்துவிட்டு, காலியாகவே இருக்கட்டும் என்று திருப்பிக் கொடுக்கிறேன்.