சேரப்பணஞ்சேரியில் நான் எரித்த சருகு

1991, பங்குனி மாதம். காலை ஐந்து நாற்பதுக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினேன். சேரப்பணஞ்சேரிக்கு இரண்டு ரூபாய் டிக்கெட். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். மண் சுமந்தே மூன்று லாரிக்கு முதலாளி ஆனேன். கண்டக்டரிடமும் இதைச் சொன்னேன்.

"மூணு லாரி வெச்சிகினு என் பஸ்ல இன்னாத்துக்குப் பெரியவரே தொங்கறே?" என்றான்.

என் மகளின் மாமியார் முனியம்மாவைப் பார்க்கத்தான் போனேன். புருஷன் போனபின் அரை ஏக்கர் பொட்டலுக்கு முள்வேலி கட்டி, ஆடு விடாமல் மூன்று வருஷமாகச் செடி வளர்க்கிறார். அன்று பத்து மணிக்குத் தரிசு மேம்பாட்டுத் திட்டத்து அதிகாரி வருகிறார். மண் தேறியது என்று அவர் எழுதினால், பாடுபட்டவருக்கே என்று நிலம் முனியம்மாவுக்கு. இல்லையென்றால் கொழுந்தன்மார் தங்கள் பங்கோடு சேர்த்து, ஒரகடம் பக்கம் கம்பெனிக்கு இடம் தேடுகிறவர்களிடம் விற்றுவிடுவார்கள். அப்படித்தான் பேச்சு.

ஏழு மணிக்கு நிலத்தில் நின்றேன். முனியம்மா தண்ணீருக்குத் தொலைவாகப் போயிருந்தார். வேம்பும் ஆவாரையும் நன்றாகத்தான் நின்றன. தரையைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. எங்கும் சருகு, சுள்ளி. அதிகாரி வருகிற இடம் இப்படியா இருக்கும்? என் ஷெட்டுக்கு யார் வந்தாலும் தரை கண்ணாடி மாதிரி இருக்கும். ஆவாரங்கொத்தை ஒடித்து, இரண்டு மணி நேரத்தில் பாதி நிலத்தைப் பெருக்கிக் குவித்துத் தீ வைத்தேன். இந்த வயதில் யாரால் முடியும்?

முனியம்மா ஓடிவந்து குடத்தை நெருப்பில் கவிழ்த்தார்.

"இன்னாண்ணே பண்ணிட்டீங்க! மூணு வருசமா சேத்த சருகு!"

"குப்பைதானே தங்கச்சி?"

"உங்க கண்ணுக்கு எல்லாமே குப்பதான்!"

அதிகாரி சின்ன வயசு. சாம்பலைக் கிள்ளிப் பார்த்தார். காற்றில் கலந்த புகையின் கரியைச் செடி இலை வழியாக இழுக்குமாம். இலை விழுந்து மக்கினால் அதில் கொஞ்சம் மண்ணிலேயே தங்குமாம். புகை மேலே போவதை நான் பார்த்திருக்கிறேன். கீழே இறங்குவதை யார் பார்த்தது? இரண்டு தடவை கேட்டேன். தலை சுற்றியதுதான் மிச்சம்.

நான் பெருக்கிய பாதியிலும் பெருக்காத பாதியிலும் ஒரு சாண் தோண்டினார். இரண்டு பக்கமும் மண் கறுத்திருந்தது.

"மண்ணு தேறிடுச்சும்மா. ஆனா பெருக்கின பாதி, மேல சருகு மூடாக்கு இல்லாம இந்த வெயிலைத் தாங்காது. பாதிக்குத்தான் எழுத முடியும்."

நாலு மணி பஸ்ஸுக்கு நடந்தபோது, நான் பெருக்கிய பாதியைக் கொழுந்தன்மார் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். முனியம்மா வழியனுப்ப வரவில்லை.

தாம்பரத்தில் என் வீட்டு வாசலில் மனைவி புங்கஞ்சருகைக் குவித்துத் தீப்பெட்டியோடு நின்றாள்.

"வெக்காதே" என்றேன்.

"ஏன்?" என்றாள்.

முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாக வீட்டுத் துடைப்பத்தைக் கையில் எடுத்து, சருகை மறுபடி புங்கமரத்தடிக்கே தள்ளினேன்.